டூரிங் பைக்குக்கு கேம்ஷாஃப்ட் தேர்ந்தெடுப்பது: பெங்களூரில் ஓட்டி, சென்னைக்கு இறங்குகிறவர்களுக்கு

கேம், அதாவது இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட், அதை மாற்றலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். டாப் கியரில் நூறில் போகும்போது உங்கள் டேக்கோமீட்டர் என்ன காட்டுகிறது, அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிறது? ஓசூர் தாண்டி ரோடு விரிந்ததும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம். ஆறு கியர் ஹார்லி டூரிங் பைக் என்றால் 2,300 பக்கத்தில் நிற்கும். லாரியை ஓவர்டேக் பண்ணும்போது 3,000, மிஞ்சினால் 3,500. பின்னால் ஒரு ஆள், இரண்டு பக்கமும் நிறைந்த பெட்டி, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவு என்று போனாலும் கியரைக் குறைத்து ஏறிவிடலாம், 4,000 தாண்ட வேண்டிய அவசியம் ரொம்ப வராது. ஆக, காசு கொடுத்து வாங்கும் கேம் இந்த 2,000-க்கும் 3,500-க்கும் நடுவில்தான் வேலை செய்ய வேண்டும். கேட்லாக்கில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் குதிரைசக்தி 5,500 பக்கத்தில் வருவது, அந்த இடத்துக்கு நீங்கள் எத்தனை தடவை போகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். விரலுக்குத் தக்க வீக்கம் போதும்.

இங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரோடு கிங், ஸ்ட்ரீட் கிளைடு வைத்திருக்கும் நம்மூர் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனவே பெரும்பாலும் ஹார்லியின் ட்வின் கேம் 96, 103 இன்ஜின்களையும் (எண்கள் கன அங்குலத்தில் இன்ஜின் கொள்ளளவு), 2017-இல் டூரிங் வரிசைக்கு வந்த மில்வாக்கி-எய்ட்டையும் (சுருக்கமாக எம்8) மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். என்ஃபீல்டுகாரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில், கேம் மாற்றத்தான் வேண்டுமா? பிக்கப் இல்லை என்று வருகிற பைக்கில் பாதிக்கு இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) சீல் வழியாகக் காற்று ஒழுகும், இல்லையென்றால் முந்தைய ஓனர் ஏர் ஃபில்டரையும் சைலென்சரையும் மாற்றிவிட்டு டியூன் பண்ணாமல், அதாவது இசியு என்ற இன்ஜின் கணினியில் எரிபொருள் அளவையும் ஸ்பார்க் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றாமல் விற்றிருப்பார். அதைச் சரிபண்ணி ஒரு நல்ல டியூன் போட்டாலே பைக் மாறிவிடும். கேம் மாற்ற உண்மையான காரணம் மூன்றுதான். கேமின் மேடான பகுதியான லோபில் குழி விழுந்திருக்கிறது அல்லது அதன்மேல் உருளும் லிஃப்டர் ரோலர் தேய்ந்திருக்கிறது. கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பேரிங் பார்ப்பதற்காக எப்படியும் கேம் பக்கத்தைத் திறக்கப் போகிறீர்கள். அல்லது டியூன் எல்லாம் சரியாக இருந்தும் உங்கள் சுமைக்கு இழுவை போதவில்லை. வேறு எதற்காகவாவது என்றால் அந்தப் பணத்தில் நல்ல பின் ஷாக் அப்சார்பர் போடுங்கள், முதுகு வாழ்த்தும்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் லிஃப்டைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அது பெயரிலேயே இருக்கிறது. எஸ் அண்ட் எஸ் கம்பெனியின் 510, 551, 585 என்பதெல்லாம் வால்வ் எவ்வளவு திறக்கிறது என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்லும் எண்கள். 510 என்றால் கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர், 585 என்றால் 15-க்குக் கொஞ்சம் கம்மி. பெரிய எண் என்றால் பெரிய பவர் என்று நினைத்துக்கொள்கிறோம். டூரிங் பைக்குக்கு அதைவிட முக்கியமான எண் ஒன்று ஸ்பெக் ஷீட்டில் ஓரமாக இருக்கும், அதுதான் இன்டேக் வால்வ் மூடும் நேரம்.

பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வ் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே வரும் காற்றுக்கு ஒரு ஓட்டம் இருக்கிறது, பிஸ்டன் ஏற ஆரம்பித்தாலும் அது தொடர்ந்து உள்ளே நிறையும். மெதுவாகச் சுற்றும்போது அந்த ஓட்டம் கிடையாது, ஏறும் பிஸ்டன் நிறைந்த கலவையில் கொஞ்சத்தைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். அதனால்தான் தாமதமாக மூடும் கேம் மேல் ஆர்பிஎம்மில் பறக்கும், கீழே தூங்கும். சீக்கிரம் மூடும் கேம் 2,000-இலேயே தள்ளும், 5,000 பக்கம் மூச்சு வாங்கும். ஸ்பெக் ஷீட்டில் இந்த எண் பொதுவாக லிஃப்டர் 0.050 அல்லது 0.053 அங்குலம் உயர்ந்த நிலையில் அளந்ததாக இருக்கும், இரண்டு கேமை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவில் எடுத்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோராயமாக, அடிமட்டத்துக்குப் பிறகு 25 முதல் 35 டிகிரிக்குள் மூடினால் அது இழுவைக்கான கேம். 40-ஐத் தாண்டினால் பிஸ்டனோ ஹெட்டோ மாற்றிக் கம்ப்ரஷனை (கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதை) ஏற்றினால் ஒழிய கீழே சப்பென்று இருக்கும். ஸ்டாக், அதாவது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ட்வின் கேம் 96-இன் கம்ப்ரஷன் விகிதம் 9.2 தான், அதில் பெரிய கேமைப் போட்டுவிட்டு சிக்னலில் இருந்து கிளம்பவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு.

அடுத்தது ஓவர்லேப், அதாவது எக்ஸாஸ்ட் மூடுவதற்குள் இன்டேக் திறந்து இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம். இது அதிகமானால் ஐடிலில் அந்தத் துடிப்புச் சத்தம் கிடைக்கும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் முதல் கியரில் ஊர்ந்து பாருங்கள், அப்போது தெரியும் அதன் விலை. கிளட்சை விட்டுப் பிடித்து விட்டுப் பிடித்து, 1,500-க்குக் கீழே பைக் முன்னும் பின்னும் உதறும், பின் சிலிண்டரின் சூடு தொடையில் ஏறும். டூரிங் என்று சொல்லிக்கொண்டாலும் இந்த ஊரை விட்டு வெளியே போகவே டிராஃபிக்கில் ஊர வேண்டியிருக்கிறது. ஆகையால் ஓவர்லேப் குறைவான கேம்தான் நமக்கு.

இப்போது கேட்லாக்கில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். சீக்கிரம் மூடும் கேம்தான் நல்லது என்றால் இருப்பதிலேயே சீக்கிரம் மூடுவதை வாங்கிவிடலாமே? அங்கேதான் பெங்களூர் நம்மை ஏமாற்றுகிறது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்றழுத்தம் சென்னையைவிடக் கிட்டத்தட்ட பத்து சதவீதம் குறைவு. சிலிண்டருக்குள் நிறையும் காற்றும் அதே அளவுக்குக் குறைவு. வால்வ் சீக்கிரம் மூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தமும் சூடும் அளவு மீறினால் பெட்ரோல் தானாகவே வெடித்து இன்ஜின் தட்டும், இதுதான் நாக்கிங். பெங்களூரின் மெல்லிய, குளிர்ந்த காற்றில் தட்டாமல் அருமையாக ஓடும் அதே பைக்கை மே மாதத்தில் கிருஷ்ணகிரி இறக்கிப் பாருங்கள், அங்கேயே பாதி உயரம் போய்விடும், வேலூர் வந்தால் 200 மீட்டர் சொச்சம்தான், வெயில் நாற்பதைத் தொடும். ஆம்பூர் தாண்டி ஆறாவது கியரில் பாரத்தோடு த்ராட்டிலைத் திருகினால் சில்லறைக் காசைக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வரும். சத்தம் வராமலும் போகலாம், அது இன்னும் குழப்பம். ட்வின் கேம் இன்ஜின் ஸ்பார்க் பிளக் வழியாகவே நாக்கிங்கைக் கண்டுபிடித்து இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரத்தை) பின்வாங்கிவிடும், எம்8-இல் அதற்குத் தனி சென்சார் உண்டு. உங்களுக்குத் தெரிவதெல்லாம் "கீழே இறங்கினால் வண்டி மந்தமாகிவிடுகிறது" என்பதுதான். கடல் மட்டத்தில் காற்று அடர்த்தியாக இருக்கிறதே, பவர் கூடத்தானே வேண்டும்? கூடாமல் குறைகிறது என்றால் இசியு பின்வாங்குகிறது என்று அர்த்தம்.

இதைச் சோதிக்க எளிய வழி சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். சூடான இன்ஜின், த்ராட்டில் முழுக்கத் திறந்து, நல்ல பேட்டரியோடு கிராங்க் பண்ணி அளக்க வேண்டும். ஸ்டார்ட் சுலபமாவதற்காக ஆட்டோமேட்டிக் கம்ப்ரஷன் ரிலீஸ் வைத்திருக்கும் இன்ஜின் என்றால் அதன் ஒயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் குறைவாகத்தான் காட்டும். பங்க் பெட்ரோலில் ஓடும் காற்றுக் குளிர்ச்சி இன்ஜினுக்கு 180 பிஎஸ்ஐ சுற்றி இருந்தால் நிம்மதி, 200 தாண்டினால் தகராறு ஆரம்பம் என்பது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் உருவானது. பெங்களூரில் உங்கள் கேஜ் 180 காட்டினால், அதே இன்ஜின் சென்னையில் ஏறத்தாழ 200 காட்டும். எனவே இங்கே அளந்த எண்ணோடு இருபதைக் கூட்டிக்கொண்டு முடிவெடுங்கள். இணையத்தில் கிடைக்கும் கம்ப்ரஷன் கால்குலேட்டரில் புதுக் கேமின் மூடும் டிகிரியைப் போட்டு, உயரம் என்று கேட்கும் இடத்தில் பூஜ்ஜியம் போட்டுப் பாருங்கள். சில பேர் அதில் 3,000 அடி என்று போட்டுவிட்டு ஆஹா என்று சந்தோஷப்படுகிறார்கள், பைக் வீட்டிலேயே நிற்கப் போகிறது என்றால் சரிதான்.

என் சிபாரிசு என்ன? 96-க்கு இடமிருக்கிறது, கம்ப்ரஷன் குறைவு என்பதால் சீக்கிரம் மூடும் கேம் அதற்குப் பொருந்தும், ஆண்ட்ரூஸ் கம்பெனியின் 21, 26 போன்றவை இந்த மாதிரி கனமான டூரிங் பைக்கை மனதில் வைத்துச் செய்தவை. 103-இல் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும், கம்ப்ரஷன் ஏற்கெனவே கூட. ஹார்லியின் சொந்த எஸ்இ-255 கீழ் ஆர்பிஎம்மில் புல்டோசர் மாதிரி தள்ளும், ஆனால் ரொம்பச் சீக்கிரம் மூடும் வகை. பெங்களூர், கூர்க், ஊட்டி என்று மேட்டிலேயே சுற்றுகிறவருக்குச் சொர்க்கம், மாதம் ஒருமுறை சென்னைக்கு இறங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். அவருக்கு 35 டிகிரி பக்கத்தில் மூடும் கேம் போதும். எம்8-இல் சிலிண்டருக்கு நான்கு வால்வ், காற்று தாராளமாக வரும், 107-இன் கம்ப்ரஷனே 10, 114-இல் 10.5. மிதமான கேமே அதில் நல்ல வித்தியாசம் காட்டும், போதாததற்கு இரண்டுக்குப் பதில் ஒரே கேம்தான் வாங்க வேண்டும்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அமெரிக்கக் கேட்லாக்கில் 91 ஆக்டேன் என்று இருந்தால் அது நம்மூர் 91 இல்லை. அவர்கள் பங்கில் எழுதும் எண் இரண்டு வெவ்வேறு முறைகளில் அளந்த எண்களின் சராசரி, நாம் சொல்வது அதில் ஒரு முறையின் எண்ணான ஆர்ஓஎன் மட்டும். அவர்களின் 91 இங்கே 95, 96-க்குச் சமம். இப்போது எல்லா இடத்திலும் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் தட்டுவதைக் குறைக்கத்தான் செய்யும், ஆனால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் கேட்கும், டியூன் அதற்கேற்ப இருக்க வேண்டும். எக்ஸ்பி100, ஸ்பீட் 97 எல்லாம் ஊருக்குள் கிடைக்கும். திருவண்ணாமலை போகும் வழியில் கிடைக்குமா? அதை நம்பிக் கேம் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பொருத்தம் பார்ப்பது அடுத்தது. 2006 வரையிலான ட்வின் கேமுக்கும் 2007 முதல் வந்ததற்கும் கேம் வேறு, டைனா வரிசைக்கு மட்டும் 2006-லேயே மாறிவிட்டது. ஹார்லி இங்கே அதிகாரபூர்வமாக விற்க ஆரம்பித்தது 2010-இல் என்பதால் ஷோரூம் வழியாக வந்த டூரிங் பைக் எல்லாமே ஹைட்ராலிக் டென்ஷனர் உள்ள புதிய வகைதான். யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ட்வின் கேம் 88 என்றால் ஸ்பிரிங் டென்ஷனர் இருக்கும், அதன் பிளாஸ்டிக் ஷூ தேய்ந்து துகள் ஆயிலில் கலக்கும். அதில் கேமைவிட முதலில் டென்ஷனரைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் வால்வ் ஸ்பிரிங். கேமின் லிஃப்ட் அதிகமாக ஆக ஸ்பிரிங் முழுக்க நசுங்கி இடிக்கும் அபாயம் உண்டு. போல்ட்-இன் என்று போட்டிருக்கும் கேம் ஸ்டாக் ஸ்பிரிங்கோடு போகும், எந்த வருட ஹெட்டுக்கு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஹெட்டைத் திறக்காத டூரிங் பைக்குக்கு 0.510 பக்கத்திலேயே நின்றுவிடுவது புத்திசாலித்தனம்.

செயினுக்குப் பதில் கியர் டிரைவ் கேம் போடலாமா என்று கேட்பார்கள். கிராங்க் ஷாஃப்டின் பினியன் பக்க (கேமை ஓட்டும் பக்க) ஆட்டம் 0.003 அங்குலத்துக்குள் இருந்தால் மட்டும்தான். டயல் கேஜ் வைத்து அளக்காமல் "பார்த்தேன், சரியாக இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கியர் டிரைவ் வேலையைக் கொடுக்காதீர்கள். ஹைட்ராலிக் டென்ஷனர் இருக்கும்போது எனக்குத் தெரிந்து டூரிங்குக்கு அது தேவையே இல்லை.

வாங்கும்போது கேமை மட்டும் வாங்கக் கூடாது. உள் பேரிங் இரண்டும் கட்டாயம், அதிலும் உருளைகள் இடைவெளி இல்லாமல் நிறைந்திருக்கும் வகை, முன்பு டோரிங்டன் என்று வந்தது, இப்போது கோயோ. புது லிஃப்டர்கள், டென்ஷனர் ஷூ, கேம் கவர் கேஸ்கெட், ஆயில் பம்ப் ஓ-ரிங்குகள். பழைய லிஃப்டரைப் புதுக் கேமில் உட்கார வைப்பது, மிச்சம் பிடிக்கப் போய் முழுசும் இழப்பது. லிஃப்டரின் அசைவை மேலே வால்வ் பக்கம் கொண்டுபோகும் தண்டான புஷ்ராடு விஷயத்தில் யோசித்துச் செய்யுங்கள்: ஸ்டாக் புஷ்ராடு ஒரே துண்டு, அதைக் கழற்ற டேங்கைத் தூக்கி ராக்கர் பாக்ஸைத் திறக்க வேண்டும். அட்ஜஸ்டபிள் வாங்கினால் பழையதை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைக் கீழிருந்தே மாட்டலாம், லேபர் மிச்சமாவதில் பாதி விலை வந்துவிடும். கேமின் அடி வட்டம் (லோபின் மேடு இல்லாத பகுதி) ஸ்டாக்கைவிடச் சின்னதாக இருந்தால் புஷ்ராடு நீளமும் மாறும், அப்போது அட்ஜஸ்டபிள்தான் சுலபமான வழி.

ஜேசி ரோட்டில் இதெல்லாம் தேடி அலைய வேண்டாம், அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள், ஹார்லி கேம் அந்தப் பட்டியலில் சேராது. 2020-இல் ஹார்லி தன் நேரடி வியாபாரத்தை நிறுத்தி ஹீரோவிடம் விநியோகத்தைக் கொடுத்த பிறகும் கம்பெனி ஸ்பேர் டீலர் வழியாக வருகிறது. எஸ் அண்ட் எஸ், ஆண்ட்ரூஸ் என்றால் இம்போர்ட்தான். பொருளின் விலைக்கு மட்டுமல்ல, கூரியர் செலவையும் சேர்த்த தொகைக்கு சுங்க வரி, அதற்கு மேல் ஐஜிஎஸ்டி. அமெரிக்காவிலிருந்து பொங்கலுக்கு வரும் சித்தி பையனிடம் சொல்லிவைப்பது நம் ஆட்களின் வழக்கம், பேரிங், லிஃப்டர் என்றால் சரி, பெட்டியில் கேமும் அதைத் தாங்கும் கேம் பிளேட்டும் சேர்ந்தால் எடை அவன் முகத்தில் தெரியும்.

மாட்டும்போது பக்கத்தில் நிற்க முடிந்தால் இரண்டை மட்டும் கவனியுங்கள். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டும் பின் கேம் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, தேவையான தடிமன் ஸ்பேசரைப் போட வேண்டும். அட்ஜஸ்டபிள் புஷ்ராடைச் சரிசெய்த பிறகு லிஃப்டரில் இருக்கும் ஆயில் இறங்கி, புஷ்ராடை விரலால் சுற்ற முடிகிற வரைக்கும் இன்ஜினைத் திருப்பவே கூடாது. அவசரப்பட்டால் வால்வ் மூடாமல் பிஸ்டனில் இடிக்கும்.

டியூன் இல்லாமல் புதுக் கேமில் டூர் கிளம்பக் கூடாது. ஹார்லி இசியு மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு காற்று வந்தது என்று கணக்குப் போடுகிறது, கேம் மாறினால் அந்தக் கணக்கே மாறிவிடும். பைக்கை ஏற்றி ஓட்டி அதன் பவரை அளக்கும் டைனோவுக்குப் போகும்போது ட்யூனரிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பெங்களூரில் த்ராட்டிலை முழுசாகத் திறந்தாலும் மேனிஃபோல்டு அழுத்தம் 90 கிலோபாஸ்கல் பக்கத்தில்தான் நிற்கும், இசியு பார்த்து ஓடும் அட்டவணையான மேப்பில் 95, 100 என்று இருக்கும் கடைசி வரிசைகளை இங்கே தொடவே முடியாது. சென்னையில் அதே இன்ஜின் நேராக அந்தத் தொடாத வரிசைகளுக்குப் போய் நிற்கும், அதுவும் வெயிலில். அந்த வரிசைகளைக் காலியாக விடாமல், 90-இல் கிடைத்த எண்களை வைத்து நீட்டி, எரிபொருளைக் கொஞ்சம் கூட்டி டைமிங்கை இரண்டு டிகிரியாவது குறைத்து வைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் புரிந்துகொண்டு தலையாட்டுபவர் நல்ல ட்யூனர். டைனோ ஷீட்டில் உயரத்துக்காகத் திருத்திய எண், திருத்தாத எண் இரண்டையும் வாங்குங்கள், ஒப்பிடுவதற்குத் திருத்தியது, பைக் இங்கே உண்மையில் தருவதைத் தெரிந்துகொள்ள மற்றது. உச்சப் பவரை விட்டுவிட்டு 2,500-இல் டார்க் (இழுவை விசை) எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

என்ஃபீல்டுகாரர்களே, உங்கள் கதை சின்னது. 650 ட்வின், 2020-இல் மீட்டியரோடு வந்த புதிய 350 இன்ஜின், பழைய ஹிமாலயன் 411 எல்லாமே ஹெட்டில் ஒற்றைக் கேம். டூரிங்குக்காக அதை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரிந்து இல்லை. லோபில் குழி விழுந்தாலோ ராக்கர் தேய்ந்தாலோ கம்பெனி கேமையே, ராக்கரோடு சேர்த்து மாற்றி, வால்வ் கிளியரன்ஸை இன்ஜின் குளிர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். யுசிஇ என்ற முந்தைய இன்ஜின் கொண்ட பழைய தண்டர்பேர்டு, கிளாசிக் என்றால் அதில் புஷ்ராடும் ஹைட்ராலிக் லிஃப்டரும் உண்டு, டிக் டிக் சத்தம் வந்தால் கேமைக் கழற்றுவதற்கு முன் ஆயிலையும் லிஃப்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் முதல் நீண்ட ஓட்டத்தைக் கீழே இறங்கும் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள், வேலூர் வரை போய் வந்தால் போதும். டியூனிங் கருவியில் ரெக்கார்டிங் போட்டுவிட்டுப் போனால் எந்த இடத்தில் எத்தனை டிகிரி டைமிங் பின்வாங்கியது என்று திரும்பி வந்து பார்க்கலாம். பின் சிலிண்டர்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அந்த ஃபைலை ட்யூனருக்கு அனுப்பினால் அவர் மேப்பைத் திருத்திக் கொடுப்பார், இதற்கு இன்னொரு முறை டைனோ காசு கேட்காதவரா என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.